ஸ்பீக்கர் விலையில் சத்தத்துக்குப் போவது எவ்வளவு?

கேள்வி: "வெளிநாட்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி அறுபது, எழுபதாயிரம் சொல்கிறார்கள். அதே தரத்தை இங்கேயே குறைந்த செலவில், சுற்றுச்சூழலுக்கும் அதிகக் கேடில்லாமல் செய்ய முடியாதா? மூங்கில், மறுசுழற்சி பிளாஸ்டிக் என்றெல்லாம் விளம்பரம் வருகிறதே, அதில் விஷயம் இருக்கிறதா?"

முடியும். ஆனால் பதிலை மூங்கிலில் தொடங்கக் கூடாது. பெட்டி எந்த மரம் என்பது கடைசியில் வரவேண்டிய கேள்வி. கொடுக்கிற அறுபதாயிரத்தில் காதுக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்று முதலில் பார்ப்போம்.

உதிரிப்பாகமும் கூலியும் சேர்ந்து ஆகிற தொகையைப் போல நாலைந்து மடங்கு கடை விலை வைப்பது இந்தத் தொழிலில் வழக்கமான கணக்கு. இறக்குமதிச் சரக்கு என்றால் கப்பல் கூலி, சுங்கவரி, ஜிஎஸ்டி, விநியோகஸ்தர் பங்கு என்று இன்னும் ஏறும். சரி, அடிப்படையான அந்த உதிரிப்பாகத் தொகையாவது ஒலிக்குப் போகிறதா என்றால், பல மாடல்களில் பெரிய செலவு கீழ் ஸ்வரங்களை ஒலிக்கும் உஃபரும் இல்லை, மேல் ஸ்வரங்களை ஒலிக்கும் ட்வீட்டரும் இல்லை, பெட்டிதான். வெனீர் ஒட்டி, தேய்த்து, லாக்கர் அடித்து, மறுபடி தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்க வைப்பது. அப்புறம் தங்க முலாம் பூசிய டெர்மினல், காந்தத்தில் ஒட்டும் கிரில், அட்டைப்பெட்டிக்குள் இன்னொரு அட்டைப்பெட்டி. இதில் எதுவும் பாட்டில் கேட்காது.

எது கேட்கும் என்பதற்கு விடை தெரிந்து நாற்பது வருடம் ஆகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஃப்ளாய்ட் டூல் ஆட்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, பின்னால் ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு மதிப்பெண் வாங்கினார். கட்டுரைகள் 1985, 86ல் வந்தன. நேர் எதிரே உட்கார்ந்தால் மந்தரம் முதல் உச்சம் வரை ஏற்றத்தாழ்வு இல்லாமல் வர வேண்டும். பக்கவாட்டில் போய்ச் சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலியும் அதே குணத்தோடு, திடீர்ப் பள்ளம் மேடு இல்லாமல் மெல்லக் குறைய வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்த ஸ்பீக்கர்களே பெரும்பாலும் மேலே வந்தன. பிறகு ஹார்மன் நிறுவனத்தில் டூலும் ஷான் ஆலிவும் செய்து 1994ல் வெளியிட்ட சோதனை இன்னும் சுவாரஸ்யம். அதே ஸ்பீக்கர்கள், அதே ஆட்கள். ஒரு முறை திரையோடு, ஒரு முறை திரை இல்லாமல். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் புரண்டன. உருவத்தில் பெரியவை ஏறின, சின்ன, விலை குறைந்த செட் இறங்கியது. நம் ஊரில் ஸ்பீக்கரைத் தூக்கிப் பார்த்து, "நல்ல வெயிட்டு" என்று சொல்லி வாங்குகிறோமே, அது வேறொன்றும் இல்லை.

ஆக, விலையைக் குறைக்க வழி தரத்தைக் குறைப்பது அல்ல. கண்ணுக்காகச் செலவாகும் பணத்தைக் காதின் பக்கம் திருப்புவது. இது நடந்து காட்டப்பட்ட விஷயம். 2013ல் ஜேபிஎல் எல்எஸ்ஆர்305 என்ற 5 இன்ச் ஸ்டூடியோ மானிட்டரைக் கொண்டுவந்தது. ஒன்று சுமார் 150 டாலருக்குக் கிடைத்தது. சாதாரண எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்யும் பலகை) பெட்டி, மேலே கறுப்பு ஷீட், முகப்பு முழுக்க பிளாஸ்டிக். ஆனால் ட்வீட்டரைச் சுற்றியுள்ள அந்தப் பள்ளமான வளைவு, வேவ்கைடு, அவர்களுடைய பெரிய எம்2 மாடலுக்காகச் செய்த ஆராய்ச்சியின் குழந்தை. பிளாஸ்டிக்கில் அச்சு வார்க்க ஒரு தடவைதான் செலவு. அதன் பிறகு வளைவு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் ஒன்றுக்கு ஆகிற காசு ஒன்றேதான். பக்கவாட்டு ஒலியைச் சீராக்கும் வேலையில் பெரும்பகுதியை அந்த வளைவே செய்துவிடுகிறது. பளபளக்கும் பெட்டிக்காரர்கள் பலருக்கு இந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி சங்கடம் கொடுத்தது என்பது என் கருத்து.

அறிவுக்கும் காசு கேட்பதில்லை. காகிதக் கோன், காயில், காந்தம் கொண்ட இன்றைய ஸ்பீக்கரின் அடிப்படையை ஜெனரல் எலெக்ட்ரிக்கின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் 1925லேயே கட்டுரையாக எழுதிவிட்டார்கள். பெட்டியின் அளவைக் கணக்குப் போடும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961ல் கொடுத்தார். எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் அதை முழுமையாக்கினார். உஃபரையும் ட்வீட்டரையும் பிரித்துக் கொடுக்கும் லிங்க்விட்ஸ்–ரைலி க்ராஸ்ஓவர் 1976. எல்லாம் பொதுச் சொத்து. அந்தக் காலத்தில் இவற்றைப் பயன்படுத்த ஆய்வகம் வேண்டும். இன்று அளவெடுக்க ஒரு லேப்டாப், யூமிக்-1 போல அளவுத்திருத்தம் செய்த ஒரு மைக், இலவச மென்பொருளான ரூம் ஈக்யூ விசார்ட். க்ராஸ்ஓவர் வடிவமைக்க வித்யூக்ஸ்காட், அதுவும் இலவசம்.

எதிரொலி இல்லாத அறை வேண்டாமா என்று கேட்பார்கள். அது கோடிகள் ஆகும் சமாசாரம். மொட்டை மாடி போதும். ஸ்பீக்கரை 2 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, அதே உயரத்தில் 1 மீட்டர் தள்ளி மைக்கை வைத்தால், தரையில் பட்டு வரும் எதிரொலி நேர் ஒலியைவிட 3 மீட்டருக்குச் சற்றே அதிகமாகச் சுற்றி வர வேண்டும். அதாவது சுமார் 9 மில்லிசெகண்ட் தாமதம். அந்த 9 மில்லிசெகண்டுக்குள் வந்ததை மட்டும் வெட்டி எடுத்துக் கணக்கிட்டால் 110 ஹெர்ட்ஸுக்கு மேலே அறையே இல்லாத அளவு கிடைத்துவிடும். பக்கத்தில் கைப்பிடிச் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கீழ் ஸ்வரங்களுக்கு மைக்கைக் கோனுக்கு ஒட்டினாற்போல வைத்து எடுத்து, இரண்டையும் தைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பி 10 டிகிரிக்கு ஒரு தடவை அளந்தால் டூல் கேட்ட பக்கவாட்டுக் கணக்கும் கையில் வந்துவிடும். தெருவில் ஹார்ன் ஓய்ந்த பின்னிரவில் செய்வது உத்தமம்.

இனி பொருட்கள். உஃபரும் ட்வீட்டரும், தொழிலில் இரண்டுக்கும் பொதுவாக டிரைவர் என்று பெயர், இவற்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஆனால் தாராளம் எங்கே என்று தெரிய வேண்டும். கெவ்லார், பெரிலியம், கார்பன் நார் என்று கோனுக்குப் பணம் கொட்டத் தேவையில்லை. நன்றாகப் பதப்படுத்திய காகிதக் கோன் லேசாகவும் இருக்கும், தன் அதிர்வைத் தானே விழுங்கவும் செய்யும். நூறு வருடம் ஆகியும் அதைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வரவில்லை என்றால் காரணம் இருக்கிறது. பணத்தைக் காயில் அசையும் தூரத்துக்கும், காந்த இடுக்கில் வைக்கும் ஒரு செம்பு அல்லது அலுமினிய வளையத்துக்கும் செலவிட வேண்டும். இரைச்சலும் கரகரப்பும் அங்கேதான் குறையும்.

காந்தத்தில் என் ஓட்டு ஃபெரைட்டுக்கு. நியோடிமியம் எடைக்கு எடை பல மடங்கு வலு, மறுக்கவில்லை. மேடையில் கிரேனில் தொங்கவிடும் ஸ்பீக்கருக்கும், காருக்கும், ட்வீட்டருக்குள் இருக்கும் சின்ன இடத்துக்கும் அது வேண்டும். அலமாரியில் உட்கார்ந்திருக்கும் உஃபருக்கு எடை குறைந்து என்ன ஆகப்போகிறது? ஃபெரைட் என்பது இரும்புத் துருவையும் ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட்டையும் சுட்டு எடுப்பது. விலை மலிவு, துரு பிடிக்காது. நியோடிமியம் வரும் பெரிய சுரங்கம் சீனாவின் பாயன் ஓபோ. அங்கிருந்து வரும் தாதுவைச் சுத்திகரிக்கும் பாவ்டோவின் கழிவுக் குளத்தைப் படத்தில் பார்த்தால் போதும். விநியோகமும் பெரும்பாலும் ஒரே நாட்டின் கையில். 2010–11ல் சீனா ஏற்றுமதியை இறுக்கியபோது விலை எகிறியது. இதற்கு முன்பும் ஒரு தடவை இப்படி நடந்தது: 1978ல் ஜயரில் (இன்றைய காங்கோ) சண்டை வந்து கோபால்ட் விலை ஏறியதும், அதுவரை கோபால்ட் கலந்த அல்நிகோ காந்தம் போட்டுக்கொண்டிருந்த கம்பெனிகள் ஃபெரைட்டுக்கு மாறின. அடிபட்டவர்கள் இரண்டு தடவையும் ஒதுங்கிய இடம் ஃபெரைட்தான்.

அடுத்தது பேஸ், அதாவது கீழ் ஸ்வரம். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் நல்ல சத்தம்: இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். கேஎல்ஹெச் கம்பெனியின் கடைசி எழுத்து அவர்தான். சந்தை இன்று முதல் இரண்டை எடுத்துக்கொண்டது. பெட்டியைச் சுருக்கி, ஆம்ப்ளிஃபயரையும் சிப்பையும் வைத்து பேஸை நெட்டித் தள்ளுகிறார்கள். கப்பலில் ஏற்ற வேண்டுமே, அதனால் சின்னது லாபம். ஆனால் சத்தம் 3 டெசிபெல் கூட வேண்டுமென்றால் பவர் இரட்டிப்பாக வேண்டும். காயில் சூடாகும், ஆயுள் குறையும். வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க, 87 டெசிபெல் திறன் உள்ள (1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம் தருகிற) ஒரு ஜோடிக்குச் சராசரியாக 1 வாட்டே அதிகம். பெட்டி கொஞ்சம் பெரியதாக இருந்துவிட்டால் டிரைவர், ஆம்ப்ளிஃபயர் இரண்டின் மீதும் பாரம் குறைகிறது. மரம்தான் இதில் மலிவான பொருள்.

பெரிய பெட்டியைக் கப்பலில் அனுப்புவது வீண். அதனால் பெட்டியை அனுப்பவே கூடாது. கணக்குப் பார்ப்போம். 35 செ.மீ. உயரம், 20 அகலம், 28 ஆழம், 18 மி.மீ. எம்டிஎஃப். உள்ளே 12 லிட்டருக்கு மேல் இடம், 5 இன்ச் உஃபருக்குத் தாராளம். பலகை மட்டும் 5 கிலோவுக்கு மேல். வெளி அளவு கிட்டத்தட்ட 20 லிட்டர், பெரும்பகுதி காற்று. அதைச் சுற்றி தெர்மாகோல். பலகைகளைப் பிரித்து அடுக்கினால் 7 லிட்டரில் முடிந்துவிடும். அமெரிக்காவில் டேட்டன் ஆடியோ சி-நோட் என்ற கிட்டை இப்படித்தான் பலகையாக விற்றது. நான் இன்னும் ஒரு படி மேலே போவேன்: பலகையும் வேண்டாம், டிரைவரும் க்ராஸ்ஓவர் போர்டும் வெட்டு ஃபைலும் போதும். இப்போது தாலுகாவுக்குத் தாலுகா சிஎன்சி ரூட்டர் கடை வந்துவிட்டது. காலையில் பூஜை அறைக் கதவில் பிள்ளையார் வெட்டுகிற அதே மிஷின் மாலையில் ஸ்பீக்கர் பலகை வெட்டும். கவனமாக அடுக்கினால் 8க்கு 4 ஷீட் ஒன்றில் மூன்று ஜோடிப் பெட்டி வரும். வடிவமைப்பவர் முதலிலேயே ஷீட் அளவை மனதில் வைத்துப் பெட்டி அளவை முடிவு செய்தால் துண்டு மிச்சமாவது குறையும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

என்ன பலகை? சென்னை போன்ற கடலோர ஊரில் பூசாத எம்டிஎஃப் ஓரம் ஒரு மழைக்காலத்தில் வீங்கிவிடும். பிளைவுட் மேல். கேரளத்தில் பெரும்பாவூர் ஆலைகள் ரப்பர் மரத்தில் செய்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களிலும் உள்ள மரம்தான். 25, 30 வருடத்தில் பால் ஓய்ந்த மரத்தை எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள், அதனால் காட்டை அழித்த பாவம் இல்லை. வடக்கே யமுனா நகரில் பாப்ளர், யூகலிப்டஸ். அவையும் விவசாயிகள் வயலில் வளர்ப்பவை. ரப்பர் மரத்தை மருந்து ஏற்றிப் பதப்படுத்தியிருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வண்டு துளைத்துவிடும். பசையில் ஃபார்மால்டிஹைடு எவ்வளவு என்பதற்கு இ1, இ0 என்று தரம் உண்டு, குறைவானது இ0.

கனமான பலகைதான் நல்லது என்ற நம்பிக்கையையும் இங்கே விட்டுவிடலாம். எழுபதுகளில் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காகச் செய்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கருக்கு வெறும் 12 மி.மீ. பிர்ச் பிளைவுட். உள்பக்கம் தார் போன்ற கனத்த ஷீட்டை ஒட்டி அதிர்வை அடக்கினார்கள். பலகையைத் தடிமனாக்கினால் அதிர்வு போவதில்லை, காது கூர்மையாக உள்ள இடத்துக்கு ஏறிவிடுகிறது; மெல்லிய பலகையில் அது கீழேயே நிற்கும், அங்கே அடக்குவது சுலபம் என்பது அவர்கள் வாதம். குறுக்குச் சட்டம் கொடுத்தும் செய்யலாம். எப்படியானாலும் 25 மி.மீ. பலகையில் கல் மாதிரி கனக்கும் பெட்டி அவசியமில்லை.

மேற்பூச்சில்தான் உள்ளூர் முறை திணறும், அதை மறைக்க மாட்டேன். பெரிய ஆலையில் வினைல் ஒட்டிய பலகையின் பின்பக்கம் வி வடிவில் கீறி, அட்டைப்பெட்டி மடிப்பது போல மடித்து ஒட்டிவிடுவார்கள். நிமிடங்களில் பெட்டி தயார். ஒரு தச்சர் ஒட்டித் தேய்த்துப் பாலிஷ் போட்டால் கூலி அதில்தான் போகும். அதனால் வார்னிஷோடு விட்டுவிடுங்கள், அல்லது மைக்கா ஒட்டுங்கள். பிளைவுட் ஓரத்து வரிகள் தெரிவது இப்போது ஃபேஷன் வேறு.

இத்தனையும் செய்து, பத்து வருடத்தில் குப்பைக்குப் போனால் பயனில்லை. என்னைக் கேட்டால் சுற்றுச்சூழல் கேள்வியின் முக்கால் பங்கு பழுது பார்ப்பதில் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நம்மூர் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். திருவிழாவில் காயில் கருகினால் அவர்கள் ஸ்பீக்கரைத் தூக்கி எறிவதில்லை, ரீகோனுக்கு, அதாவது கோனையும் காயிலையும் புதிதாக மாற்றக் கொடுக்கிறார்கள். ரீகோன் போடுபவர் கிழிந்த கோனையும், காயிலை நடுவில் பிடித்து வைக்கும் துணி வளையமான ஸ்பைடரையும் பிளேடால் அறுத்து எடுப்பார். கேப் எனப்படும் அந்த மெல்லிய இடுக்கில் கருகிய தூள் இருக்கும். டேப்பைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி மடித்து உள்ளே விட்டு விட்டு எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். புதுக் காயிலை இறக்கி, நடுத்தூணுக்கும் அதற்கும் இடையில் எக்ஸ்ரே ஃபிலிமை நீளவாக்கில் வெட்டிய துண்டுகளைச் சொருகுவார். காயில் அசையாமல் நட்டநடுவில் நிற்கும். ஸ்பைடர், கோன், ஓரம் மூன்றும் ஒட்டிக் காய்ந்த பிறகு ஃபிலிமை உருவி, விரலால் அழுத்திப் பார்ப்பார். உரசல் சத்தம் வரக் கூடாது. கடைசியில்தான் நடு மூடியை ஒட்டுவது. எஃகுத் தட்டு, காந்தம், சட்டம் என்று செய்வதற்கு அதிக எரிபொருள் செலவான கனமான பாகம் அத்தனையும் அப்படியே மறுவாழ்வு பெறுகிறது.

வீட்டு ஹைஃபைக்கு இது பொருந்தாமல் போவதற்குக் காரணம் ரீகோன்காரர் அல்ல. வேறு எடையுள்ள கோனும் வேறு விறைப்புள்ள ஸ்பைடரும் போட்டால் டிரைவரின் குணத்தைச் சொல்லும் தீல்–ஸ்மால் எண்கள் மாறிவிடும், பெட்டிக் கணக்கும் க்ராஸ்ஓவரும் பொருந்தாது. செய்த கம்பெனியே அசல் கோன் கிட்டை விற்க வேண்டும், இருபது வருடம் விற்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். டிரைவரைப் பெட்டியில் பசை போட்டு ஒட்டாமல் திருகில் மாட்ட வேண்டும். கோனைச் சட்டத்தோடு இணைக்கும் ஓரத்துக்கு ஃபோம் வேண்டவே வேண்டாம். பதினைந்து இருபது வருடத்தில் தானாக உதிரும், நம் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். ரப்பர் அல்லது பதப்படுத்திய துணி போட வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் கூடுதல் செலவு அற்பம். பல கம்பெனிகள் இத்தனையையும் சேர்த்துச் செய்யாததற்குக் காரணம், செய்தால் அடுத்த மாடல் விற்காது என்பதுதான் என்று நினைக்கிறேன்.

எலெக்ட்ரானிக்ஸைப் பெட்டிக்குள் வைப்பதா வேண்டாமா என்பதில் அறிந்தவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. உள்ளே ஆம்ப்ளிஃபயரும், ஒலியை எண்களாக்கித் திருத்தும் டிஎஸ்பி சிப்பும் இருந்தால் க்ராஸ்ஓவருக்கு வேண்டிய செம்புக் காயிலும் பெரிய கெபாசிட்டரும் மிச்சம், ஒலியையும் துல்லியமாகத் திருத்தலாம். நான் சொன்ன ஜேபிஎல்லும் அப்படிப்பட்டதுதான். ஆனால் மரப்பெட்டியும் டிரைவரும் நாற்பது வருடம் வரும். பவர் சப்ளை போர்டு அவ்வளவு காலம் தாங்காது. அது போனால் முழு ஸ்பீக்கரும் போகிறது. சும்மா இருக்கும்போதே 5 வாட் இழுத்தால் வருடத்துக்கு 44 யூனிட் கரண்ட். மென்பொருள் இன்னும் மோசம். சோனோஸ் பழைய ஸ்பீக்கரைத் தள்ளுபடிக்கு எடுத்துக்கொள்ளும் திட்டத்தில் "ரீசைக்கிள் மோட்" வைத்தது. அதைப் போட்டால் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் பெட்டி நிரந்தரமாக ஊமையாகும். எதிர்ப்பு கிளம்பி 2020 மார்ச்சில் கைவிட்டார்கள். டிஎஸ்பியும் ஆம்பும் வெளியே தனிப் பெட்டியில், சாதாரண வயரில் இணையும்படி இருக்கட்டும் என்பது என் நிலை. பாதி போனால் பாதியை மாற்றலாம்.

மூங்கிலும் மறுசுழற்சி பிளாஸ்டிக்கும்: கெடுதல் இல்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை. மூங்கில் பலகை விறைப்பானது, நல்ல பொருள், ஆனால் பிளைவுட்டைவிட விலை அதிகம். கேட்கிற வித்தியாசம் உள்ளே போடும் குறுக்குச் சட்டத்தில் வந்துவிடும். "கடல் பிளாஸ்டிக்கில் செய்தது" என்று போட்டு விற்கும் புளூடூத் ஸ்பீக்கரைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரியைக் கழற்ற ஒரு திருகாவது இருக்கிறதா? இல்லையென்றால் ஓடு எதில் செய்தது என்பது வீண் பேச்சு. பேட்டரி சாகும் நாளில் அத்தனையும் சாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டப்படி 2027 பிப்ரவரி முதல் இத்தகைய கருவிகளில் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும். அங்கே விற்கும் கம்பெனிகள் இங்கேயும் அதே மாடலை அனுப்புகின்றனவா என்று அடுத்த வருடங்களில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் அறுபதாயிரத்துக்கு வருவோம். இன்றே வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், அளவெடுத்த வரைபடம் வெளியாகியிருக்கும் மாடலாக, ரப்பர் ஓரம் போட்டதாக, உஃபர் தனியே விற்பனைக்குக் கிடைப்பதாகப் பார்த்து, பெட்டியின் பளபளப்பை மறந்து வாங்குங்கள். பாதி விலையிலேயே முடிந்துவிடலாம். பொறுமை இருந்தால், ஏற்கெனவே அளந்து சரிபார்த்த ஒரு இலவச டிசைனை எடுத்து, அதில் சொன்ன டிரைவரையே வரவழைத்து, பெட்டியை ஊரில் வெட்டிக்கொள்ளுங்கள். டிரைவரை மட்டும் "இதுவும் அதே மாதிரிதான் சார்" என்று கடையில் நீட்டுவதை வாங்கிவிடாதீர்கள். க்ராஸ்ஓவர் அந்த ஒரு டிரைவருக்காக எழுதியது, இன்னொன்றுக்குப் பொருந்தாது.